ஓஹையோ: மால்டாத் துறைமுகத்தில் ஓர் எண்ணெய்க் கப்பலைத் தேடி

ஆகஸ்ட் 15 அன்று மால்டாவில் பேருந்தை நம்பி எந்தத் திட்டமும் போடாதீர்கள். அன்று சாந்த மரியா பெருவிழா. தீவு முழுவதற்கும் விடுமுறை. கடற்கரைக்குச் செல்லும் கூட்டத்தால் பிதுங்கிய பேருந்துகள் நிறுத்தத்தில் நிற்காமலே போய்க்கொண்டிருந்தன. வேறு வழியின்றிப் பிடித்த வாடகைக் காரின் ஓட்டுநர், விடுமுறை நாள் என்ற ஒரே காரணத்தைச் சொல்லி, தலைநகர் வல்லெட்டா வரையிலான குறுகிய தூரத்துக்கு 25 யூரோ வாங்கிக்கொண்டார். கோடைக்காலப் பேருந்துக் கட்டணம் இரண்டரை யூரோதான். அந்தப் பணத்தில் பத்துமுறை போயிருக்கலாம் என்ற எரிச்சல் இதை எழுதும்போதும் தணியவில்லை.

ஆனாலும் அந்தத் தேதியில்தான் அங்கே இருக்க விரும்பினேன். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியும் இத்தாலியும் முற்றுகையிட்டிருந்த மால்டாவுக்கு, பிரிட்டிஷ் கப்பல் தொகுதி ஒன்று பொருள்களோடு வந்தது. 1942 ஆகஸ்ட் 15 காலையில், அதில் ஒன்றான ஓஹையோ என்ற எண்ணெய்க் கப்பல், தளமட்டம்வரை கடல்நீர் ஏறிய நிலையில், வல்லெட்டாவின் பெருந்துறைமுகத்துக்குள் இழுத்துவரப்பட்டது. அந்தக் கப்பல் தொகுதியை மால்டா மக்கள் இன்றும் சாந்த மரியா கான்வாய் என்றே அழைக்கிறார்கள்.

ஓஹையோ போருக்காகக் கட்டப்பட்டதன்று. அமெரிக்காவின் டெக்சாஸ் எண்ணெய் நிறுவனத்துக்காகப் பென்சில்வேனியாவின் செஸ்டர் நகரில் உள்ள சன் கப்பல் கட்டும் தளத்தில் உருவாகி, 1940 ஏப்ரல் 20 அன்று நீரில் இறக்கப்பட்டது. மொத்தப் பதிவு டன் 9,264 (இது எடையன்று, கப்பலின் உள் கன அளவைக் குறிப்பது). வேகம் 16 நாட், அதாவது மணிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். தகடுகளைத் தறையாணிகளால் பிணைக்கும் பழைய முறைக்குப் பதிலாகப் பற்றவைப்பு முறை பெரிதும் கையாளப்பட்ட கப்பல் அது. பின்னர் அவ்வளவு அடி வாங்கியும் சிதறிப்போகாமல் இருந்ததற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வதுண்டு. 1942 கோடையில் ஸ்காட்லாந்தின் கிளைடு ஆற்றுக்கு வந்த கப்பல் பிரிட்டனிடம் ஒப்படைக்கப்பட்டது. அமெரிக்க மாலுமிகள் இறங்க, கேப்டன் டட்லி மேசன் தலைமையில் பிரிட்டிஷ் மாலுமிகள் ஏறினார்கள்.

இந்த இடத்தில் கென்டக்கியைச் சொல்லியாக வேண்டும். வழிகாட்டிகள் பெரும்பாலும் சொல்வதில்லை. அதுவும் அமெரிக்காவிடமிருந்து பெற்ற எண்ணெய்க் கப்பல்தான். 1942 ஜூனில் மால்டாவுக்கு வந்த வழியில், அருகே விழுந்த குண்டின் அதிர்ச்சியில் நீராவிக் குழாய் உடைந்து நின்றுபோயிற்று. இழுத்துவர முயன்று, கடைசியில் கைவிட்டு, பிரிட்டிஷ் தரப்பே அதை மூழ்கடிக்க முடிவெடுத்தது. அந்த இழப்பிலிருந்து கற்ற பாடத்தில்தான் ஓஹையோவின் இயந்திரத்துக்கு அடியில் அதிர்வு தாங்கும் ரப்பர் அணைகள் வைக்கப்பட்டன. நீராவிக் குழாய்களுக்கு எஃகுச் சுருள்விற்களும் மரக்கட்டைகளும் முட்டுக்கொடுக்கப்பட்டன. கப்பல் வந்துசேர்ந்ததைத் தெய்வச்செயல் என்று மட்டும் சொல்லி இந்த வேலையை மறைத்துவிடுவது எனக்கு உடன்பாடில்லை.

மறுநாள் சென்ற புனித எல்மோ கோட்டையின் தேசியப் போர் அருங்காட்சியகம், நுழைவுக் கட்டணத்துக்குத் தகுதியானதுதான். தீவுக்குப் பிரிட்டிஷ் மன்னர் ஆறாம் ஜார்ஜ் அளித்த ஜார்ஜ் சிலுவை என்ற வீர விருது, ஃபெய்த் என்ற கிளாடியேட்டர் போர்விமானத்தின் உடற்பகுதி ஆகியவற்றோடு ஓஹையோவின் பெயர்ப்பலகையும் அங்கே இருக்கிறது. ஆனால் கூட்டம் முழுவதும் விமானத்தைச் சுற்றியே நிற்கிறது. மால்டாவிலிருந்து போரிட்ட விமானங்களும் நீர்மூழ்கிகளும் எரிபொருள் இல்லாமல் என்ன செய்திருக்கும் என்று யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

ஓஹையோவோடு சேர்த்து, ஜிப்ரால்டரைக் கடந்து நடுநிலக்கடலுக்குள் நுழைந்த வணிகக் கப்பல்கள் 14. மால்டாவை அடைந்தவை 5. ஆகஸ்ட் 11 அன்று ஈகிள் என்ற விமானந்தாங்கிக் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி வீழ்த்தியது. 12ஆம் தேதி மாலை இத்தாலியின் ஆக்சும் நீர்மூழ்கி ஏவிய டார்ப்பிடோ ஓஹையோவின் நடுப்பகுதியில் 24 அடிக்கு 27 அடி அளவில் ஓட்டை போட்டது. தீயை அணைத்து, பின்புறத்து அவசரச் சுக்கானைக் கொண்டு கப்பலைத் தொடர்ந்து செலுத்தினார்கள். மறுநாள், சுட்டு வீழ்த்தப்பட்ட ஒரு ஸ்டூக்கா குண்டுவீச்சு விமானம் அதன் தளத்தின்மீதே வந்து விழுந்தது. இயந்திரம் நின்றது, மாலுமிகள் கப்பலை விட்டு வெளியேறினார்கள், திரும்பி ஏறினார்கள், மீண்டும் வெளியேறினார்கள். முதுகெலும்பு முறிந்த கப்பலை இறுதியில் பென், பிராம்ஹம் என்ற இரு நாசகாரிப் போர்க்கப்பல்கள் பக்கத்துக்கு ஒன்றாகக் கட்டிக்கொண்டு, மால்டாவிலிருந்து எழுந்த ஸ்பிட்ஃபயர் விமானங்களின் காவலில், அடிமேல் அடிவைத்துக் கொண்டுவந்தன. மேசனுக்கு ஜார்ஜ் சிலுவை கிடைத்தது.

கப்பலின் வயிற்றில் இருந்தது ஏறத்தாழ 11,500 டன் மண்ணெண்ணெயும் டீசலும். விமானப் பெட்ரோலைத் தளத்தில் ஏற்றி உடன்வந்த வைமராமா என்ற கப்பல், குண்டு பட்டதும் வெடித்து, சுற்றிலும் கடலே எரிந்தது. ஓஹையோவின் சரக்கு அவ்வளவு எளிதில் பற்றக்கூடியதன்று. மண்ணெண்ணெயின் அருமையை, ரேஷன் கடை வரிசையில் கேனோடு நின்று வளர்ந்த தலைமுறைக்கு விளக்க வேண்டியதில்லை. அப்போது மால்டாவில் வீட்டு அடுப்புக்கு எரிபொருள் அரிதாகி, வெற்றிச் சமையற்கூடங்கள் என்ற பொதுச் சமையற்கூடங்களில் மக்கள் உணவுக்கு வரிசையில் நின்றார்கள். இதை நினைத்தபடியே வல்லெட்டாவின் ஒரு சந்தில் ஃப்டீரா சாப்பிட்டேன்: வெளியே மொறுமொறுப்பும் உள்ளே மென்மையுமான தட்டை ரொட்டி, அதனுள் சூரைமீன், தக்காளி, ஆலிவ், கேப்பர். அந்தப் பயணத்தில் செலவழித்த ஒவ்வொரு யூரோவையும் கணக்குப் பார்த்த நான், இதற்கு மட்டும் பார்க்காமல் இரண்டாவது ஒன்றும் வாங்கினேன். உணவகத்தில் உட்கார்ந்து முயல்கறி கேட்டால் பணம் பறந்துவிடும். ஃப்டீராவும், பஸ்டிஸி என்ற பூரணம் வைத்துச் சுட்ட பண்டமும் போதும்.

ஓஹையோ எண்ணெய் இறக்கிய பார்லட்டோரியோ துறையை அருகில் பார்க்க ஆசைப்பட்டு, தைசா எனப்படும் சிறுபடகுக்காரர் ஒருவரிடம் கேட்டேன். அக்கரை செல்ல ஓரிரு யூரோ வாங்குகிறவர், சற்றே வளைந்து போகவேண்டும் என்றதும் சொன்ன தொகையில் நான் தங்கியிருந்த விடுதியில் ஓர் இரவு கழிக்கலாம். அதற்குப் பதிலாக மேல் பரக்கா பூங்காவுக்கு ஏறிவிடுங்கள். காசில்லாமல் துறைமுகம் முழுவதும் தெரிகிறது. நண்பகல் பீரங்கி முழக்கத்துக்குக் கூடும் கூட்டம் கலைந்தபின் சென்றால் நிழலில் உட்காரவும் இடம் கிடைக்கும்.

அங்கிருந்து பார்க்கும்போது அந்தக் கப்பலின் எஞ்சிய கதை கசப்பாகத்தான் இருக்கிறது. எண்ணெய் வெளியேற வெளியேறக் கப்பல் தாழ்ந்து, கடைசித் துளிகள் இறங்கிய வேளையில் அடிப்பகுதி தரைதட்டியது. அது மறுபடி எண்ணெய் சுமந்து கடலேறவில்லை. இரண்டு துண்டாகிப்போன உடல் சிலகாலம் கிடங்காகவும், யூகோஸ்லாவியப் படைவீரர்கள் தங்குமிடமாகவும் பயன்பட்டது. 1946 செப்டம்பர் 19 அன்று முன்பாதியைக் கடலுக்கு இழுத்துச் சென்று, பிரிட்டிஷ் கடற்படையின் விராகோ கப்பல் பீரங்கியால் சுட்டு மூழ்கடித்தது. அடுத்த மாதமே பின்பாதியும் மூழ்கடிக்கப்பட்டது. ஒரு பாதியையாவது துறைமுகத்தில் விட்டுவைத்திருந்தால், படகுக்காரர் கேட்ட தொகையைக்கூடக் கொடுத்திருப்பேன்.