ரொம் தொங்கிய கதை

கிளிநொச்சிப் பக்கம் எங்கள் கோயில் பாடகர் குழுவுக்குப் பழைய ட்ரம்ஸ் செற் ஒன்று கிடைத்தது. காலால் அடிக்கும் பெரிய பேஸ் ட்ரம்முக்கு மேலே நிற்கும் இரண்டு சிறு ட்ரம்களில், அதாவது ரொம்களில், 13 அங்குல விட்டமுள்ளது அடிக்க அடிக்கத் தலை கவிழ்ந்தது. ரொம்மைத் தாங்கும் கம்பியைச் சாய்த்துத் திருப்ப உதவும் உருண்டை வெடித்திருந்தது. தவக்காலத்தில் ட்ரம்ஸ் மூடித்தானே கிடக்கும், பாஸ்கா விழிப்புக்கு, உயிர்ப்புப் பெருவிழாவின் இரவுப் பூசைக்கு, முதல் சரிக்கட்டலாம் என்று இறங்கினேன்.

கொழும்பில் ஒரு கடைக்கு ஃபோன் எடுத்து "ரொம் ஹோல்டர் ஒன்று" என்று தாங்கியைக் கேட்டேன். ஏ9 பஸ்ஸில் பார்சல் வந்தது. கீழ்க்குழாய் பேஸ் ட்ரம்முக்குள் இறங்கிற்று, மேலேயுள்ள எல் வடிவக் கம்பி ரொம்மின் பிராக்கெட்டுக்குள் போகவே இல்லை. லேத் பட்டறைக்குக் கொண்டு ஓடினேன்.

"அண்ணை, இதைக் கொஞ்சம் கடைஞ்சு தருவியளோ?"

"விசரே தம்பி? குரோம் போனால் கறள் பிடிக்கும். முதல் அளந்து பாரும்" என்று கலிப்பரைக் கையில் தந்தார்.

புதுக் கம்பி 12.7 மில்லிமீற்றர், எங்கள் பழசு 10.5. சில செற்றுகளுக்கு 9.5. யமஹாவில் கம்பி அறுகோணம். பேர்ள் (Pearl) கம்பனியின் பழைய முறையில் 7/8 அங்குலக் குழாய் ட்ரம்மின் உடம்புக்குள்ளேயே நுழையும். கீழ்க்குழாய், மேற்கம்பி இரண்டின் விட்டத்தையும் எழுதி வைத்துக்கொண்டுதான் கடைக்குப் பேச வேண்டும். பார்சலைத் திருப்பியனுப்பி, 10.5 கம்பியுள்ளதை எடுத்தேன்.

ஆனால் எனக்குப் பெரிய விஷயம் சத்தம். ரொம்மின் விளிம்பை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துத் தட்டினால் "தூம்ம்ம்" என்று நீண்டது. தாங்கியில் மாட்டித் தட்டினால் "டப்". பிராக்கெட் நேரே உடம்பில் முடுக்கியிருந்ததால் அதிர்வு கம்பி வழியே பேஸ் ட்ரம்முக்குள் இறங்கிவிடுகிறது. இதற்குத்தான் றிம்ஸ் என்ற வளையம். மேல்தோலை இறுக்கும் போல்ட்டுகளில் இறப்பர் வாசர் வைத்து ட்ரம்மையே தொங்கவிடும். வாங்கும்போது ட்ரம்மின் விட்டத்தோடு போல்ட்டுகளின் எண்ணிக்கையையும் சொல்ல வேண்டும். எங்களுக்கு 6.

கையிலிருந்த காசுக்கு ஒன்றுதான் வாங்கலாம். 13 அங்குலத்துக்கே போட்டேன், ஆழமான நாதம் அதில்தான் கூடச் செத்துப்போகிறது. எங்கள் பிராக்கெட்டைக் கழற்றி வளையத் தகட்டில் பூட்டினோம், நல்லகாலம் துளைகள் பொருந்தின. கவிழாமலிருக்க, வைத்த இடத்திலேயே பிடித்து நிறுத்தும் மெமரி லொக் என்ற பிடியையும் கம்பியில் இறுக்கினேன்.

விழிப்பிரவில் "உன்னதங்களிலே" கீதம் தொடங்க மணிகள் அடித்தன. நான் 13-இல் ஒரு அடி வைத்தேன். அந்தத் "தூம்ம்ம்" கடைசி வாங்குவரை போனது.