பிங் போகுது, தளம் திறக்கல: டைம் அவுட்டைத் துரத்தும் வழி

"நெட் வருது, ஆனா சில தளம் மட்டும் சுத்திக்கிட்டே இருக்கு." ஃபைபர் இணைப்புகளில் ஆளை அதிகம் அலைக்கழிக்கும் புகார் இது.

டைம் அவுட் என்றால், குறித்த நேரத்துக்குள் பதில் வரவில்லை, அவ்வளவுதான். போன பாக்கெட் (தரவின் சிறு பொதி) தொலைந்ததா, திரும்பி வந்த பதில் தொலைந்ததா என்று அது சொல்லாது. ஒரு முகவரிக்குச் சிறு பாக்கெட் அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளைதான் பிங். விண்டோஸ் பிங் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் 4 வினாடி காத்திருந்துவிட்டு 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்' என்று காட்டும். 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்று உடனே வந்தால் நிம்மதி. பாதை பெரும்பாலும் சரி, அந்தப் போர்ட்டில்தான் (சர்வரில் ஒவ்வொரு சேவைக்கும் உள்ள வாசல் எண்) ஆள் இல்லை. 'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்' நம் கணினியின் ஐ.பி. முகவரியிலிருந்தே வந்தால் கோளாறு வீட்டுக்குள்.

வைஃபையை அணைத்துவிட்டு லேன் கேபிளில் சோதிப்பது நல்லது. முதலில் பிங் செய்ய வேண்டியது ரவுட்டர் (பெரும்பாலும் 192.168.1.1), அடுத்து 1.1.1.1 (வெளியே உள்ள ஒரு பொதுச் சர்வர்), அதன்பின் ஒரு தளத்தின் பெயர். எண்ணுக்குப் பதில் வந்து, பெயர் ஐ.பி.யாக மாறவே இல்லையென்றால் டி.என்.எஸ். (பெயரை ஐ.பி. எண்ணாக மாற்றித் தரும் சேவை) தகராறு. பாக்கெட் போகும் வழியிலுள்ள ரவுட்டர்களை வரிசையாகக் காட்டும் ட்ரேஸ்ரூட்டில் நடுவே மூன்று நட்சத்திரம் விழுந்தால் பதற வேண்டாம். அடுத்த வரிகளில் பதில் வருகிறதென்றால், அந்த ரவுட்டர் நமக்குப் பதில் சொல்ல மறுக்கிறது, பாக்கெட்டைக் கடத்தத்தான் செய்கிறது. அந்த நட்சத்திரத்தைக் காட்டி கஸ்டமர் கேரில் சண்டை போடுவது வீண்.

எல்லாம் தேறியும் தளம் சுற்றினால் பாக்கெட்டின் அளவைச் சந்தேகிக்கலாம். விண்டோஸ் பிங் அனுப்புவது வெறும் 32 பைட். அது எந்தச் சந்திலும் நுழைந்துவிடும். ஒரே பாக்கெட்டாகப் போகக்கூடிய உச்ச அளவுக்கு எம்.டி.யு. என்று பெயர், வழக்கமாக 1500 பைட். பி.பி.பி.ஓ.இ. (பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து நுழையும் முறை) இணைப்பில் அதன் தலைப்புக்கே 8 பைட் போய்விடுவதால், 1500-இல் மிஞ்சுவது 1492. பெரிய பாக்கெட் வந்தால் 'துண்டாக்கு' என்று அனுப்பியவருக்கு ஐ.சி.எம்.பி. தகவல் (கோளாறுகளைச் சொல்லும் சிறு செய்தி) போக வேண்டும். வழியில் ஏதாவது ஃபயர்வால் அதை விழுங்கிவிட்டால் சர்வர் அதே பெரிய பாக்கெட்டையே திரும்பத் திரும்ப அனுப்பும். முதல் கைகுலுக்கல் சிறிய பாக்கெட் என்பதால் இணைப்பு அமைந்துவிடுகிறது. தளம் தன் அடையாளத்தைக் காட்ட அனுப்பும் சான்றிதழ் பெரியது, அது வரும் கட்டத்தில்தான் தொங்கும்.

சோதிக்க, பிங் கட்டளையில் துண்டாக்கத் தடை போடும் -எஃப் (-f), அளவைச் சொல்லும் -எல் (-l) இரண்டையும் சேர்த்து 1.1.1.1-க்கு 1464 போடுங்கள். தலைப்புகளின் 28 பைட் சேர்ந்தால் சரியாக 1492. பதில் வர வேண்டும். 1472 போட்டால் 'துண்டாக்க வேண்டும்' என்ற செய்தி வருவது ஆரோக்கியம். சத்தமில்லாமல் டைம் அவுட் ஆனால் அதுதான் நோய். 1464-ம் போகாவிட்டால் பதில் வரும்வரை பத்துப் பத்தாகக் குறைத்து, பிறகு ஒவ்வொன்றாக ஏற்றி, கடைசியாகப் பதில் வந்த எண்ணோடு 28 கூட்டினால் உண்மையான எம்.டி.யு.

ரவுட்டரின் வான் (WAN, வெளி இணைப்பு) அமைப்புப் பக்கத்தில் எம்.டி.யு.வை 1492 (சோதனையில் அதற்குக் குறைவாகக் கிடைத்தால் அந்த எண்) ஆக்கி, ஒரு பாக்கெட்டில் போகும் தரவின் அளவைக் கட்டுப்படுத்தும் எம்.எஸ்.எஸ். கிளாம்பிங் இருந்தால் அதைவிட 40 குறைத்து, அதாவது 1492-க்கு 1452 கொடுத்துச் சேமித்து, இணைப்பைத் துண்டித்து மறுபடி எழுப்புங்கள். ரவுட்டரை ரீசெட் அடித்தாலோ மாற்றினாலோ இது 1500-க்குத் திரும்பிவிடக்கூடும். "நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு" என்பவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, ரீசெட் பொத்தானை யாராவது அமுக்கினார்களா என்பதுதான்.