சுவருக்குக் காசு வந்தது, கூட நடக்கிற ஆளுக்குத்தான் வரவில்லை

கிளிநொச்சி பஸ் நிலையத்தில் படுத்துக் கிடந்த ஐயாவுக்கு வீடு கட்டிக் கொடுத்தோம் என்பது தெரிந்த நாளிலிருந்து, கனடா, சுவிஸ் பக்கமுள்ள ஊர்ச்சங்கக்காரர் கேட்பது ஒரே கேள்வி: ஒரு வீட்டுக்கு எவ்வளவு முடியும், நாங்களும் ஒன்று கட்டித் தரலாமா? தாராளமாகக் கட்டலாம். ஆனால் வீடு இந்த வேலையின் ஒரு பகுதிதான். அதற்கு முன்னால் நடந்ததற்கும், அதற்குப் பிறகு இன்றுவரை நடப்பதற்கும்தான் காசு சேர்ப்பது கடினமாக இருந்தது. தொடங்க நினைப்பவர்கள் அதைத் தெரிந்துகொண்டு தொடங்கட்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

2018இல் எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கம் இதைக் கையிலெடுத்தபோது, வீடில்லாதவர்கள் என்றால் எங்களுக்குத் தெரிந்தது இடம்பெயர்ந்தவர்களும் கொட்டிலில் இருப்பவர்களும்தான். போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது, ஊருக்குத் திரும்பியவர்கள் தகரக் கொட்டிலில் இருந்தார்கள், பிறகு இந்திய அரசின் காசில் வீட்டுத் திட்டம் வந்தது. வடக்கு, கிழக்கு, மலையகம் எல்லாம் சேர்த்து 50,000 வீடு, எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய். நிறையக் குடும்பங்கள் அதால் தலை நிமிர்ந்தன, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் எங்கள் பக்கத்தில் அந்தப் பட்டியல்கள் குடும்பம், பிள்ளைகள், காணிப் பத்திரம் என்று பார்த்துத்தான் போயின. எல்லோரையும் பறிகொடுத்துவிட்டுத் தனியே மிஞ்சிய ஆளுக்கு அந்தப் பட்டியலில் இடம் கீழே. அவர் சொந்தக்காரர் வீட்டு விறாந்தையில் கொஞ்சக் காலம், கோயில் மடத்தில் கொஞ்சக் காலம், பிறகு சந்தையடி, பஸ் நிலையம். ஐயா வந்த வழியும் இதுதான். (பெயர் வேண்டாம், ஐயா என்றே எழுதுகிறேன்.)

எழுபதை நெருங்கும் ஆள், எப்போதும் ஒரு யூரியாப் பையோடு இருப்பார், அதைத் தலைக்கு வைத்துத்தான் படுப்பார். சில நாட்களில் நன்றாகக் கதைப்பார். சில நாட்களில் யாரோ துரத்துகிறார்கள் என்று சொல்லிக்கொண்டு பரந்தன் வரைக்கும் நடந்தே போய்விடுவார்.

முதலில் முதியோர் இல்லம் ஒன்றில் சேர்க்கலாம் என்று போனோம். அடையாள அட்டை வேண்டும், பொறுப்பெடுக்கச் சொந்தக்காரரின் ஒப்பம் வேண்டும், மனநோய் இருந்தால் எடுக்கமாட்டோம் என்றார்கள். மூன்றுமே இடித்தன. பொலிசிடம் சொன்னால் என்ன என்று சிலர் கேட்டார்கள். அலைந்து திரிபவர்களைப் பிடித்து நீதவானிடம் நிறுத்துகிற 1841ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இந்த நாட்டில் இருக்கிறது, வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். பாதுகாப்பான இடம் தேடுகிற மனிசனை அந்த வழியில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

சரி, நாங்களே செய்வோம் என்று வெளிநாட்டுச் சங்கத்தோடு வைபரில் கதைத்தோம். வீட்டுக்கான காசு அந்தக் கிழமையே சேர்ந்துவிட்டது, அது எனக்கே ஆச்சரியம். ஒருவர் கூரையைப் பொறுப்பெடுத்தார், ஒருவர் தன் தாயாரின் நினைவாகக் கிணறு என்றார். நான் அனுப்பிய கணக்கில் இன்னொரு வரியும் இருந்தது: ஐயாவோடு கூட நடந்து வேலை பார்க்க, பயிற்சி உள்ள ஒரு ஆளுக்கு மாதச் சம்பளமும் பஸ் காசும். அந்த வரியில் எல்லோரும் நின்றுவிட்டார்கள். "நாங்கள் தாற காசு சனத்துக்குப் போகவேணும், சம்பளத்துக்கு இல்லை" என்றார் ஒருவர். அவர் கெட்ட மனிதர் இல்லை. இரவு வேலை செய்து சேமிக்கிற காசு அது, அது ஒரு சுவராக எழும்பி நிற்பதைக் கண்ணால் பார்க்க ஆசைப்படுவது நியாயம்தான்.

அந்த முடிச்சை அவிழ்த்துவிட்டது லண்டனில் இருக்கும் எங்கள் ஊர்த் தம்பி ஒருவர். அங்கே தெருவில் படுப்பவர்களுக்காக வேலை செய்யும் அமைப்பு ஒன்றில் அவர் தொண்டராகப் போய்வருகிறார். அவர் சொன்னது: ஷெல்ட்டர் 1966இலும் கிரைசிஸ் 1967இலும் சென்ற் மங்கோஸ் 1969இலும் வீடில்லாதவர்களுக்காக அங்கே தொடங்கப்பட்ட அமைப்புகள், இத்தனை வருட அனுபவத்துக்குப் பிறகும் அந்த மாதிரி அமைப்புகளுக்கு வருகிற கொடைக் காசில் பெரிய பங்கு மனிதர்களுக்குத்தான் போகிறது. இரவில் தெருத் தெருவாகப் போய்ப் படுத்திருப்பவரோடு கதைக்கிறவர், போதைப் பழக்கத்துக்கு உதவுகிறவர், மனநலத்துக்கு ஆள், அடிபட்டு வந்த பெண்களுக்குத் தனியாக ஆள். அரசும் உள்ளூராட்சி சபைகளும் ஒப்பந்தத்துக்குத் தருகிற காசு எல்லாவற்றுக்கும் காணாது. மீதியை மாதாமாதம் சனம் வங்கியால் அனுப்புகிற சின்னத் தொகைகளும், உயிலில் எழுதி வைத்துவிட்டுப் போகிற காசும், லொத்தர் நிதியும் நிரப்புகின்றன. 1992இல் நியூயோர்க்கில் தொடங்கி, பின்லாந்து 2008 முதல் நாட்டுக் கொள்கையாகவே எடுத்துக்கொண்ட 'முதலில் வீடு' என்கிற முறையிலும், குணமான பிறகுதான் வீடு என்று நிபந்தனை வைக்காமல் திறப்பைக் கையில் கொடுக்கிறார்கள், ஆனால் திறப்போடு சேர்த்து வீட்டுக்கு வந்து பார்க்கிற ஆளையும் கொடுக்கிறார்கள். ஆளை விட்டுவிட்டுத் திறப்பை மட்டும் கொடுத்தால் அது பாதி வேலை என்றார். அதற்குப் பிறகும் வாதம் நடந்தது. கடைசியில், ஒரு வருடச் சம்பளத்தைத் தனியாக வங்கியில் போட்ட பிறகுதான் அத்திவாரம் வெட்டுவது என்று முடிவானது. நீங்கள் தொடங்கினால் இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள் என்று கெஞ்சியே கேட்பேன், சுவர் எழும்பத் தொடங்கிவிட்டால் எந்தக் காசும் சீமெந்துக்குத்தான் ஓடும்.

எங்களுக்குக் கிடைத்த தங்கச்சி முன்பு ஒரு உளசமூகத் திட்டத்தில் வேலை செய்தவர், திட்டம் முடிந்ததும் வேலையும் முடிந்து வீட்டில் இருந்தார். வன்னியில் இப்படி எத்தனையோ பேர் இருக்கிறார்கள், பயிற்சி இருக்கிறது, சம்பளம் தர ஆளில்லை. அவர் முதல் கிழமைகளில் செய்தது வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை. காலையில் பஸ் நிலையத்துக்குப் போவார், இரண்டு பிளேன்ரீயும் ஒரு பணிசும் வாங்குவார், ஐயாவுக்குப் பக்கத்தில் குந்தி இருந்து குடிப்பார். பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. ஐயா பணிசைப் பாதியாகப் பிய்த்து ஒரு துண்டைத் திருப்பி நீட்டிய நாளன்றுதான், "அக்கா, இனிச் சரிவரும்" என்று எனக்குப் போன் எடுத்துச் சொன்னார். இதற்கு எந்தப் படிவத்தில் என்ன தலைப்பில் கணக்கு எழுதுவது?

அதற்குப் பிறகு அந்த யூரியாப் பை திறந்தது. உள்ளே ஒரு சாரம், சவர்க்காரத் துண்டு, பொலித்தீனில் சுற்றி நூலால் கட்டிய ஒரு பொட்டலம். பொட்டலத்துக்குள் மெனிக் பாமில் கொடுத்த பதிவு அட்டை, மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, எழுத்து பாதி போய். அந்த அட்டையை வைத்துத்தான் பிரதேச செயலகத்தில் பழைய குடும்பப் பதிவைத் தேடிப் பிடித்தோம்.

அடையாள அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். ஐயா பிறந்தது மலையகத்தில் ஒரு தோட்டத்தில். தமிழருக்கு எதிரான 1977 வன்செயலில் அடித்துத் துரத்தப்பட்டு வந்த சனத்தோடு இளந்தாரியாக வவுனியாப் பக்கம் வந்தவர். அப்போது அந்தச் சனத்துக்கு நிலமும் கொட்டிலும் பிள்ளைகளுக்குப் பாலும் பள்ளியும் தந்து குடியேற்றியது காந்தீயம் என்கிற தொண்டு அமைப்பு, டேவிட் ஐயாவும் டொக்டர் இராஜசுந்தரமும் நடத்தியது. வெளிநாட்டுக் கொடைக் காசும் இங்குள்ள இளைஞர்களின் உழைப்பும் சேர்ந்த வேலை. 1983இல் இருவரையும் பிடித்து அடைத்தார்கள், இராஜசுந்தரத்தை வெலிக்கடைச் சிறையில் கொன்றார்கள், டேவிட் ஐயா தப்பி இந்தியா போய்ப் பல வருடம் கழித்து இங்கே திரும்பி, 2015இல் கிளிநொச்சியில் கண்மூடினார். வீடில்லாதவருக்கு வீடு கொடுக்கிற வேலை வன்னிக்குப் புதிது இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

தோட்டத்தின் பெயர் ஐயாவுக்கு ஞாபகம் இருந்தது, வருடம் இல்லை. தேடிப் பார்த்துப் பதிவு இல்லை என்று கடிதம் வாங்கி, உத்தேச வயதுச் சான்றிதழுக்குப் போட்டு, விதானையாரின் (கிராம அலுவலரின்) உறுதிப்படுத்தலோடு ஆட்பதிவுத் திணைக்களத்துக்கு அனுப்பினோம். ஒவ்வொரு இடத்திலும் ஐயா நேரில் வரவேண்டும், வரிசையில் நிற்கவேண்டும், பயம் பிடித்த நாளென்றால் பாதி வரிசையில் எழும்பிப் போய்விடுவார். தங்கச்சி பின்னால் போவார், மறிக்கமாட்டார். இன்னொரு நாள் திரும்ப வருவார்கள். இந்தப் பொறுமைக்குத்தான் அந்தச் சம்பளம்.

ஆஸ்பத்திரி நான் பயந்த அளவுக்குக் கடினமாக இல்லை. மனநலப் பிரிவில் அன்பாகப் பார்த்தார்கள், வைத்தியம் இலவசம், மாதம் ஒரு ஊசி, கிளினிக் கொப்பி. நாள் தவறாமல் கூட்டிக்கொண்டு போக ஆள் இருந்தால் போதும்.

காணிதான் நெஞ்சைப் பிசைந்தது. ஐயாவின் மனைவி கிளிநொச்சிக்காரி, அவரின் பெயரில் 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த பேமிற் காணி ஒன்று பற்றைக்காடாகக் கிடந்தது. அதில் ஐயா இருக்கலாம், சட்டத்தில் இடம் இருக்கிறது, ஆனால் மனைவியின் இறப்புச் சான்றிதழ் வேண்டும். அவர் 2009இல் போரின் கடைசிக் காலத்தில் மாத்தளனில் செல் விழுந்து செத்தவர், ஐயாவே பங்கருக்குப் பக்கத்தில் புதைத்தவர். போரில் செத்தவர்களின் இறப்பைப் பதிவதற்கு 2010இல் 19ஆம் இலக்கச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்திருந்தார்கள், மற்றக் குடும்பங்கள் பதிந்துவிட்டன, ஐயா பதியவில்லை. பதிவதென்றால் எங்கே, எப்போது, எப்படி என்று சொல்லி ஒப்பம் வைக்கவேண்டும். ஐயா படிவத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் எழும்பிப் போனார்.

வெளிநாட்டிலிருந்து எனக்குத் தினமும் அழைப்பு: காசு கிடக்கிறது, ஏன் இன்னும் அத்திவாரம் போடவில்லை? தங்கச்சியோ ஒருநாளும் அந்தப் படிவத்தைப் பற்றித் தானாகக் கதைக்கவில்லை. மாதங்கள் போயின. ஒரு கிளினிக் நாள் பஸ்ஸில் வரும்போது, புதைத்த இடத்தில் ஒரு தென்னம்பிள்ளை நின்றது என்று ஐயாவே தொடங்கினாராம், இறங்கும்வரை சொல்லிக்கொண்டே வந்தாராம். அடுத்த கிழமை ஒப்பம் வைத்தார். கை நடுங்கியது, எழுத்து நேராக வந்தது, நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

வீடு கட்டின கதை எல்லா வீட்டுக் கதையும் போலத்தான்: அத்திவாரம், லிண்டல், கூரை என்று கட்டம் கட்டமாகக் காசு விட்டோம், மேசன் ஒருவர் இடையில் வராமல் விட்டார், ஊர்ப் பெடியள் சிரமதானத்தில் பற்றை வெட்டினார்கள். கவனிக்க வேண்டியது ஒன்று: குடிபுகுந்த பிறகு கனநாள் ஐயா உள்ளே படுக்கவில்லை, விறாந்தையில்தான். கதவு பூட்டினால் மூச்சு முட்டுகிறது என்றார். காசு தந்தவர் ஒருவருக்கு அது மனவருத்தம். அறைக்குப் பின்பக்கமும் ஒரு கதவு வைத்துக் கொடுக்கச் சொன்னது தங்கச்சி. வைத்தோம், பிறகு மெல்ல மெல்ல உள்ளே போனார்.

2022இல் டீசல் இல்லாமல் பஸ் நின்றபோது தங்கச்சி சைக்கிளில் போய் ஐயாவைப் பார்த்து, ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போக யாரையாவது பிடித்துவிடுவார். 2023இல் அஸ்வெசும என்கிற அரசின் உதவிப் பணத் திட்டம் வந்தபோது விண்ணப்பம் நிரப்பினதும் அவர்தான். அந்த நேரத்தில் சம்பளக் காசு இல்லாமல் போயிருந்தால் ஐயா பஸ் நிலையத்துக்குத் திரும்பியிருப்பார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

இப்போது தங்கச்சி முறிகண்டிக் கோயிலடியில் கச்சான் கடைகளுக்குப் பின்னால் படுக்கிற ஒரு அம்மாவோடு கதைக்கத் தொடங்கியிருக்கிறார். அந்த அம்மாவுக்குக் காணி இல்லை, எனவே ஐயாவுக்குச் செய்த வழி அப்படியே சரிவராது, அரசு காணி கொடுக்க ஆட்களை விசாரிக்கிற காணிக் கச்சேரியில் கேட்டுப் பார்க்கவேண்டும். வீட்டுக்குக் காசு தருகிறோம் என்று ஏற்கெனவே இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள். சம்பளக் கணக்கில் வருகிற தைப்பொங்கல் வரைக்கும்தான் இருக்கிறது. தர விரும்புகிறவர்கள் அந்தக் கணக்குக்குத் தாருங்கள்.