பந்து கைமாறுவதற்கு முன்பே

கால்பந்தில் விரைவான எதிர்த்தாக்குதலை, அதாவது பந்தைப் பறித்தவுடன் எதிரணி சுதாரிப்பதற்குள் தாக்குவதை, பழக்க வேண்டும் என்று சொன்னால், பல அணிகளில் முதலில் தொடங்குவது ஓட்டப் பயிற்சிதான். மூச்சிரைக்க ஓடும் வீரர்களைப் பார்த்தால் நிர்வாகத்துக்கும் திருப்தியாக இருக்கும். ஓட்டம் தேவைதான், ஆனால் பந்து இன்னும் எதிரணியிடம் இருக்கும்போதே நம் வீரர் எங்கே நிற்கிறார், எந்தப் பக்கம் உடலைத் திருப்பியிருக்கிறார், யாரைப் பார்த்து வைத்திருக்கிறார் என்பதே அந்தத் தாக்குதலின் வேகத்தைப் பெரும்பாலும் முடிவு செய்துவிடுகிறது என்பது பயிற்சிப் பணியில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து.

இதை விளக்க நான் வீரர்களுக்குத் திரையிட்டுக் காட்டுவது, 2018 உலகக் கோப்பையில் பெல்ஜியமும் ஜப்பானும் மோதிய ஆட்டத்தின் இறுதிக் கட்டம். இரு அணிகளும் 2-2 என்று சமநிலையில் இருக்க, 94-வது நிமிடத்தில், ஜப்பானின் கார்னர் கிக்கைப் பிடித்த கோல்கீப்பர் கோர்ட்வா பந்தை டி புருய்னவிடம் உருட்டிவிட்டார். அவர் நடுக்களத்தின் வழியே தானே ஓட்டிச் சென்று வலப்பக்கம் முனியேவுக்குக் கொடுக்க, அங்கிருந்து தாழ்வாக வந்த கிராஸை லுகாகு தொடாமல் விட்டுவிட, பின்னால் ஓடிவந்த ஷாட்லி கோல் அடித்தார். ஏறத்தாழ பத்து நொடிகளில் எல்லாம் முடிந்துவிட்டது. இளம் வீரர்களின் கண் டி புருய்னவின் ஓட்டத்திலேயே நிற்கும். நான் லுகாகுவைப் பார்க்கச் சொல்வேன். அவர் நடுவே ஓடித் தற்காப்பு வீரரை உள்ளே இழுத்ததால்தான் முனியேவுக்கு வலப்பக்கம் திறந்தது. கடைசியிலும் பந்தைத் தொடாமலேதான் அவர் அந்தக் கோலுக்கு உதவினார்.

பயிற்சியை அமைப்பதில்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது. பயிற்சியாளர் நடுவட்டத்தில் நின்று பந்தை உதைத்துவிட்டுக் குரல் கொடுக்க, மூன்று பேர் இரண்டு பேரை எதிர்த்து ஓடுவது வழக்கமான முறை. பார்ப்பதற்கு அழகாக இருக்கும். ஆனால் ஆட்டத்தில் யாரும் பந்தை அப்படித் தட்டில் வைத்துத் தருவதில்லை. நெரிசலில், பெரும்பாலும் தன் கோலைப் பார்த்தபடி, முதுகில் ஒருவர் அழுத்திக்கொண்டிருக்கும்போது பந்து காலுக்கு வருகிறது. ஆகவே நான் பந்து உண்மையாகவே பறிக்கப்படும் பயிற்சிகளையே விரும்புகிறேன். நடுவே ஒரு சதுரம். அதற்குள் ஐவருக்கு ஐவர். ஓர் அணி பந்தைத் தக்கவைத்துக்கொள்ள, மற்ற அணி பறித்தவுடன் சதுரத்தை விட்டு வெளியேறித் தொலைவில் உள்ள கோலைத் தாக்க வேண்டும். பந்தை இழந்தவர்கள் உடனே துரத்தலாம். தொடக்கத்தில், பறித்தவர் பந்தோடு கூட்டத்துக்குள்ளேயே புகுவார், அல்லது பயந்து பின்னால் தள்ளுவார். சில அமர்வுகளுக்குப் பிறகு, பறிக்கப் போகிறவருக்கு அருகில் இருப்பவர் முன்கூட்டியே விலகி நின்று, நெரிசலுக்கு வெளியே முதல் பாஸுக்கு வழி திறந்து வைப்பதைக் காணலாம். நான் காத்திருப்பது அதற்காகத்தான்.

ஜெர்மானியப் பயிற்சியாளர் ரால்ஃப் ராங்னிக், பறித்த பின் பத்து நொடிகளுக்குள் கோலை நோக்கி அடிக்க வேண்டும் என்று வகுத்து, பயிற்சியில் கடிகாரம் வைத்தே பழக்கியவர். முதிர்ந்த வீரர்களிடம் இது நன்றாக வேலை செய்யும். சிறுவர்களிடம் கடிகாரத்தைச் சில நாட்களிலேயே எடுத்துவிடுகிறேன். இல்லையென்றால் நேரத்தை வெல்வதற்காக எங்கிருந்து வேண்டுமானாலும் அடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

முன்கள வீரருக்குத் தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. பாஸ் புறப்படும் தருணத்தில் தன் பாதிக் களத்தில் இருப்பவருக்கு ஆஃப்சைடு (எதிரணியின் தற்காப்பு வரிசையைத் தாண்டி நின்று பந்தைப் பெறும் தவறு) கிடையாது. எதிரணியின் தற்காப்பு வரிசை மையக்கோடு வரை ஏறி நின்றால், கோட்டுக்கு ஓரடி உள்ளே நின்று ஓட்டத்தைத் தொடங்குவதே அவருக்கு லாபம். ஆனாலும் பலர் ஆர்வத்தில் முன்பே கடந்துவிட்டு, திரும்பி வருவதற்குள் வாய்ப்பை இழக்கிறார்கள். ஓரங்களில் ஓடுபவர்களும் சீக்கிரமே உள்ளே சாய்ந்துவிடக் கூடாது. அவர்கள் அகலத்தைக் காக்கும் வரைதான் தற்காப்பு வீரர்கள் சிதறி நிற்பார்கள்.

கற்பிக்கக் கடினமானது, எப்போது போகக் கூடாது என்பதுதான். முன்னால் இருவர் மட்டுமே, எதிரே நால்வர் ஒழுங்காக நிற்கிறார்கள் என்றால், அவசரமாக அனுப்பிய பந்து நம் மீதே பாயும் எதிர்த்தாக்குதலாகத் திரும்பும். அதனால் அதே சதுரப் பயிற்சியில், முன்னே வழியில்லாதபோது பந்தை நிறுத்தி வைத்துக்கொள்ளும் அணிக்கும் ஒரு புள்ளி தருகிறேன். கோலுக்கு இரண்டு புள்ளி. இந்தக் கணக்கு வந்த பிறகு, பறிக்கப் போகிறவர் பந்தைத் தொடுவதற்கு முன் ஒருமுறை தலையை உயர்த்திப் பார்க்கிறார். அந்தப் பார்வையில் வழி தெரிந்தால் முதல் பாஸ் தயங்காமல் முன்னோக்கிப் போகிறது.