பிலாத்து அவ்வளவு நல்லவரா?

கிறிஸ்தவர்கள் வழிபாட்டில் அறிக்கையிடும் விசுவாசப் பிரமாணத்தில் இயேசுவையும் மரியாளையும் விட்டால் பெயர் சொல்லப்படும் ஒரே மனிதர், இயேசுவைச் சிலுவையில் அறையத் தீர்ப்பளித்த ரோம ஆளுநர் பொந்தியு பிலாத்து. மத்தேயு நற்செய்தியில் அவரைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கும். மனைவி கனவு கண்டு, இயேசுவை ஒன்றும் செய்ய வேண்டாம் என்று ஆள் அனுப்புகிறாள், அவரோ இந்தப் பழி என்னுடையதல்ல என்று கூட்டத்துக்கு முன்னால் கை கழுவிக்கொள்கிறார்.

யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு காட்டும் பிலாத்து வேறு ஆள். எருசலேமுக்குத் தண்ணீர் கொண்டுவர ஆலயப் பணத்தில் கை வைத்தார். மக்கள் திரண்டு கத்தினார்கள். சாதாரண உடையில் வீரர்களைக் கூட்டத்துக்குள் கலக்கவிட்டு, உடைக்குள் ஒளித்திருந்த தடிகளால் அடித்து நொறுக்க வைத்தார். அடியிலும் நெரிசலிலும் பலர் செத்தார்கள். (மஃப்டி போலீஸ் நேற்று வந்த சமாச்சாரமில்லை!) கடைசியில் கெரிசீம் மலையில் சமாரியர்களைக் கொன்ற விவகாரத்தில் கி.பி. 36 வாக்கில் பதவி போனது.

அப்புறம் எப்படி நல்லவரானார்? ரோம ஆட்சியின் கீழ் உயிர் பிழைக்க வேண்டிய ஆதி கிறிஸ்தவர்களின் சிறு கூட்டம், தங்கள் ஆண்டவரை ரோமே குற்றவாளியாக்கிக் கொன்றது என்று உரக்கச் சொல்ல முடியுமா? அதுவும் ஒரு காரணம் என்கிறார்கள் அறிஞர்கள் பலர். ஆதி கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் ஒரு படி மேலே போய், பிலாத்து மனதளவில் கிறிஸ்தவரே என்று எழுதிவிட்டார். எத்தியோப்பிய சபையில் அவர் புனிதர், திருநாளே உண்டு.

இந்த வெள்ளையடிப்புக்கு விலை கொடுத்தவர்கள் யூதர்கள். பிலாத்துவிடமிருந்து இறங்கிய பழி முழுவதும் அவர்கள் தலையில் ஏறியது. அந்தப் பழியை எல்லா யூதர்கள் மேலும் சுமத்தக் கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவிக்க 1965 ஆனது.