கருவாட்டுக் குழம்பும் வயிற்று நீரும்

வயிற்றில் நீர் கட்டி எங்கள் வாட்டுக்கு வருகிறவர்களில் பலர் நாக்கு வறண்டுபோய்த்தான் வருவார்கள். தண்ணீர் குடித்தால் இன்னும் வீங்கும் என்று வீட்டில் யாரோ சொல்லியிருப்பார்கள். மட்டக்களப்பு வெயிலில் தாகத்தை அடக்கிக்கொண்டு கிடந்திருப்பார்கள். ஆனால் சோற்றுப் பார்சலைத் திறந்தால் கருவாட்டுக் குழம்பு, ஓரத்தில் ஊறுகாய்.

ஈரல் தழும்பேறி இறுகினால் அதற்குள் போகும் இரத்தம் தடைப்பட்டு நாளங்களில் அழுத்தம் ஏறும். நீரை இரத்தத்துக்குள் பிடித்து வைக்கும் அல்புமின் என்ற புரதமும் குறையும். உடம்பில் இரத்தம் போதவில்லை என்று எடுத்துக்கொண்டு சிறுநீரகம் உப்பைச் சேர்த்து வைக்கும், உப்போடு நீரும் தங்கி வயிற்றில் சேரும். ஆகவே முதலில் குறைக்க வேண்டியது உப்பு. எல்லாம் சேர்த்து நாளைக்கு 5 கிராம், அதாவது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. இரத்தத்தில் சோடியம் நன்றாக இறங்கியவர்களுக்குத்தான் டொக்டர் தண்ணீரையும் குறைக்கச் சொல்வார்.

வாவியில் வலை வீசும் ஒரு அண்ணன் வந்திருந்தார். தொப்புள் பிதுங்கி, சாரத்தை வயிற்றுக்குக் கீழே இறக்கிக் கட்டியிருந்தார். கைகளோ குச்சியாக மெலிந்திருந்தன. பக்கவயிற்றில் ஊசி போட்டு நீர் எடுத்தபோது, வைக்கோல் நிறத்தில் அது குழாயில் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார். 5 லீட்டருக்கு மேல் எடுத்தால் அல்புமின் ஏற்றுவோம், இல்லாவிட்டால் சிறுநீரகம் அடிபடலாம்.

"எல்லாம் எடுத்தாச்சுதானே மிஸ்ஸி, இனி வராதே?" என்றார்.

உப்புக் குறையாவிட்டால் திரும்பவும் சேரும் என்றேன். மனைவி தலையில் கைவைத்தார். "உப்புக் குறைஞ்சா இந்த மனிசன் சோத்தைத் தள்ளி வச்சிரும்."

"அக்கா, தேசிக்காய்ப் புளியும் மிளகும் கூடப் போடுங்க. கருவாட்டை விட்டுட்டுப் பச்சை மீன் குடுங்க. மீனை மட்டும் நிப்பாட்டிடாதீங்க, சதை கரைஞ்சு போகுது." செவ்விளநீரைப் பற்றியும் சொன்னேன். நீர் போக்கத் தரும் ஸ்பைரோனோலாக்டோன் குளிசை இரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றும், அதோடு பொட்டாசியம் நிறைந்த இளநீரும் சேர்ந்தால் இதயத்துக்கு ஆபத்து.

இன்னொன்று. இந்த வயிற்றைக் கண்டதும் "குடிகாரன்" என்று சொல்லிவிடுகிறார்கள். கசிப்பின் வாசமே அறியாத அம்மாக்களும் எங்களிடம் வருகிறார்கள். நீரிழிவு, ஈரலில் கொழுப்பு, ஹெப்படைட்டிஸ் என்று காரணங்கள் பல. அந்தப் பேச்சுக்குப் பயந்து வீட்டிலேயே இருந்து, முற்றிய பிறகு வருவதைப் பார்க்க எனக்கு வயிறு எரியும்.

வீட்டில் காலையில் மலசலம் கழித்தபின் நிறை பார்த்து எழுதி வையுங்கள். கடையில் நோவுக் குளிசை வாங்கிக் கொடுக்காதீர்கள். காய்ச்சல், வயிற்றுநோவு, இரத்த வாந்தி, பகலில் தூங்கி இரவில் விழித்துத் தடுமாறிப் பேசுவது, இதில் ஒன்று கண்டாலும் அன்றைக்கே கூட்டி வாருங்கள். கிளினிக் திகதி வரட்டும் என்று இருக்க வேண்டாம்.