நடப்பதற்கு ஒரு துண்டு

தினமும் நடக்கச் சொல்லி ஒரு பெண்ணுக்கு அந்தத் துண்டை, அதாவது சின்னக் கடிதத்தை, எழுதிக் கொடுத்தது என் வேலைக்குள் அடங்குமா என்று மேலதிகாரி கேட்டபோது, அடங்கும் என்றுதான் சொன்னேன். உளவளத்துணை என்றால் எதிரே உட்கார்ந்து பேசுவது மட்டுமா, ஆளைத் திருப்பி அனுப்பும்போது கையில் ஏதாவது கொடுத்தனுப்ப வேண்டாமா என்று கொஞ்சம் சூடாகவே கேட்டேன். "நாம டொக்டர் இல்லையே மிஸ்" என்றார். அதோடு விட்டுவிட்டார். நான்தான் இன்னும் விடாமல் இருக்கிறேன்.

வந்தவர் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கும் பெண். அடையாளம் தெரியாமலிருக்க ஒன்றிரண்டு விவரங்களை மாற்றியிருக்கிறேன். பேச்சை மாற்றவில்லை. தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது, பிள்ளை வாய் திறந்தாலே எரிச்சல் வருகிறது. ஆஸ்பத்திரியில் பிரஷர், இரத்தம் எல்லாம் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று எங்களிடம் அனுப்பியிருந்தார்கள். வீட்டுக்காரர் கொழும்பில் கடை வேலை. வீட்டில் மாமியாரும் பிள்ளைகளும். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு, வழக்கமாகச் சொல்வதையும் சொன்னேன். வாரத்தில் குறைந்தது 150 நிமிடம், அதாவது ஐந்து நாளைக்கு அரைமணி நேரம் கொஞ்சம் வேகமாக நடங்கள், மனப்பாரம் குறையும், தூக்கம் வரும்.

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"மலையில ஏறி எறங்குறது கணக்குல வராதாங்க மிஸ்?"

கேலி இல்லை. நாள் முழுக்க எல்லாவற்றையும் நிறுத்துக் கணக்கெழுதும் இடத்திலிருந்து வருகிறவர், இது எந்தக் கணக்கில் சேரும் என்று தெரிந்துகொள்ளக் கேட்டார். "வரும், ஆனா அது வேற" என்றேன்.

வேறுதான். அதை இன்றைக்கும் மறுக்கமாட்டேன். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலில் 150 முதல் 300 நிமிடம் என்று இருக்கிறது. வேலையில் உடம்பு அசைவதையும் அது கணக்கில் சேர்க்கிறது. அப்படிப் பார்த்தால் அந்தப் பெண் ஒரு வாரத்துக்கான பங்கைத் திங்கட்கிழமையே முடித்துவிடுவார். லண்டன் மாடி பஸ்களை வைத்து ஆய்வாளர் ஜெரமி மொரிஸ் 1953இல் எழுதியதையும் நான் படித்திருக்கிறேன். நாள் முழுக்கப் படியேறி இறங்கிய கண்டக்டர்களுக்கு, உட்கார்ந்தே ஓட்டிய டிரைவர்களைவிட இருதய நோய் குறைவு. ஆனால் மனதுக்கு வரும்போது கணக்கு மாறுகிறது. ஓய்வு நேரத்தில் விரும்பி நடப்பவர்களிடம், விளையாடுபவர்களிடம் மனச்சோர்வு குறைவாக இருக்கிறது. வேலைக்காக உடம்பை வருத்துகிறவர்களிடம் அந்தப் பலன் அப்படித் தெரிவதில்லை. சில ஆய்வுகளில் தலைகீழாகவும் இருக்கிறது. காரணம் தேட ஆய்வுகூடத்துக்குப் போக வேண்டியதில்லை. முதுகில் பாரம், கால் வழுக்கும் சரிவு, ஒரே அசைவு மணிக்கணக்காக. எப்போது நிற்கலாம் என்பதை முடிவு செய்வது வேறொருவர். தலைக்கு மேல் குளவிக்கூடு இருக்கிறதா என்ற பயம். மாலை நிறுவையில் 18 கிலோ தேறாவிட்டால் அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான்.

இதையெல்லாம் அவரிடம் விரித்துச் சொல்லவில்லை. சுருக்கி, "அது தோட்டத்துக்காக நடக்கிறது. இது உங்களுக்காக நடக்கிறது" என்றேன். மேடையில் சொன்னால் கைதட்டு விழும். அவர் அதையும் நிஜமாகவே எடுத்துக்கொண்டு யோசித்தார்.

"எனக்காக நடக்குறேன்னு சொன்னா வீட்டுல விடமாட்டாங்க மிஸ். ஒரு துண்டு எழுதித் தாங்களேன்."

தோட்டத்தில் துண்டில்லாமல் என்ன நடந்திருக்கிறது? லீவுக்குத் துண்டு, ஆஸ்பத்திரிக்குத் துண்டு, கூரைத் தகரத்துக்குத் துண்டு. அதனால் அவர் கேட்டது விசித்திரமாகப் படவில்லை. கடிதத்தாளை எடுத்து, இன்னார் தினமும் மாலை அரைமணி நேரம் நடப்பது மனநலத்துக்கு நல்லது என்று எழுதினேன். வாங்கிப் படித்தார். "நல்லதுன்னு வேணாங்க. கட்டாயம்னு போடுங்க" என்றார். வெட்டி, 'கட்டாயம்' என்று எழுதி, சீல் வைத்துக் கொடுத்தேன்.

மாலை என்று எழுதியதற்கு ஒரே காரணம், வேறு நேரம் இல்லை. காலையில் பிள்ளையை அனுப்பிவிட்டுப் பிரட்டுக்கு, அதாவது பேர் பதிந்து வேலை பிரிக்கும் இடத்துக்கு, ஓட வேண்டும். நாலரைக்கு நிறுவை முடிந்து, வீடு வந்து கால் கழுவினால் ஐந்தைத் தாண்டிவிடும். ஆறரைக்குள் இருட்டு. சில மலைகளில் சிறுத்தை நடமாட்டம் வேறு. நடுவில் இருக்கும் அந்த வெளிச்சத்தில்தான் தண்ணீரும் அடுப்பும் பிள்ளையின் பாடமும். நான் அரைமணி நேரத்தைப் புதிதாக உண்டாக்கிக் கொடுக்கவில்லை. மாமியாரின் மாலையிலிருந்து வெட்டி எடுத்துக் கொடுத்தேன். எழுதும்போதே இது எனக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

பீக்கோ டிரெயில் என்று கண்டி ஹந்தானையிலிருந்து நுவரெலியா வரை 300 கிலோமீற்றருக்கு மேல் நடைபாதை போட்டிருக்கிறார்கள், 22 பகுதிகளாக. தேயிலை மலைகளுக்கு நடுவே மன அமைதிக்காக நடக்க வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். பழைய தோட்டத்து வழிகளும் அதில் சேர்ந்தவைதான். அவர்களை யாரும் எங்கே போகிறாய் என்று கேட்பதில்லை. எங்கள் பெண் கீழ் ரோட்டில் கையில் விறகோ குடமோ இல்லாமல் நடந்தால் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், மூன்று வாசலிலிருந்து கேள்வி வரும். நானே டவுனில் காலையில் சப்பாத்து போட்டு நடக்கிறவள்தான். என்னை யாரும் கேட்பதில்லை, "மிஸ் எக்ஸஸைஸ் பண்றாங்க" என்பார்கள். மிஸ் என்பதே ஒரு துண்டு மாதிரிதான்.

சரி, அவர் நடந்தார். கோயில் வரை போய்த் திரும்புவது. அப்புறம் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். அடுத்த முறை வந்தபோது முகம் தெளிந்திருந்தது. "படுத்தா ஒறக்கம் வருதுங்க" என்றார். எனக்குச் சந்தோஷம். இதில் நடை எவ்வளவு, கூட நடந்தவர்களின் பேச்சு எவ்வளவு, வீட்டை விட்டு அரைமணி நேரம் வெளியே இருந்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. அமெரிக்காவில் ஜேம்ஸ் புளூமெந்தால் குழுவினர் 1999இல் வெளியிட்ட பெயர்பெற்ற ஆய்விலும் இந்தச் சிக்கல் உண்டு. மனச்சோர்வு இருந்த, 50 வயதுக்கு மேற்பட்ட 156 பேரில் சிலருக்கு உடற்பயிற்சி, சிலருக்கு மாத்திரை, சிலருக்கு இரண்டும். 16 வாரம் கழித்துப் பார்த்தால் மூன்று கூட்டத்துக்கும் ஏறக்குறைய ஒரே அளவு சுகம். ஆனால் பயிற்சி கூட்டமாகத்தான் நடந்தது. அவர்களும் தாங்களாக முன்வந்தவர்கள். மாமியாரிடம் துண்டு காட்டிவிட்டு வந்தவர்கள் இல்லை.

மாமியார் ஒருநாள் ஒபிஸுக்கே வந்துவிட்டார். துண்டைப் பொலித்தீன் பையில் போட்டு மடித்துக் கொண்டுவந்திருந்தார். கோபமாக வரவில்லை. உட்காரச் சொல்லியும் கொஞ்ச நேரம் நின்றார்.

"லயத்துல எல்லாரும் கேக்குறாங்க மிஸ், ஒங்க மருமகளுக்கு மண்டையில என்னா கோளாறுன்னு. என்னான்னு சொல்றது நானு?"

ஒன்றுமில்லை அம்மா, பயப்பட வேண்டாம், நடப்பது எல்லாருக்கும் நல்லது என்றேன்.

"எல்லாருக்கும் நல்லதுன்னா அவளுக்கு மட்டும் ஏன் கட்டாயம்?"

அந்தச் சொல்லைக் கேட்டு வாங்கியதே மருமகள்தான் என்று நான் எப்படிச் சொல்வது? உள்ளே பேசியதை வெளியே சொல்லக்கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். அதனால் பேசாமல் இருந்தேன். அவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். மருமகளுக்கு ஏதோ பெரிய வியாதி இருக்கிறது, மிஸ் மறைக்கிறார் என்று. முகத்தில் தெரிந்தது. எழுந்து போகும்போது சொன்னார்: "நாப்பது வருசம் நானும் மலையேறுனேன். புருசன் செத்த மறுவாரமே பெரட்டுல நின்னேன். எனக்கு யாரு துண்டு குடுத்தா?"

இதற்கு என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் ஒத்திகை பார்க்கிறேன். உங்களுக்கும் எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருக்கலாம், ஆனால் அது கேலியாகப் பட்டிருக்கும். உங்கள் கஷ்டம் புரிகிறது என்பது பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்த வசனம், அந்த முகத்துக்கு முன்னால் வாயில் வராது. துண்டு இல்லாமல் அந்தப் பெண் வாசலைத் தாண்டியிருக்க மாட்டார், இது உறுதி. துண்டு வந்ததால் அவர் லயத்துக்கு நோயாளி ஆனார், இதுவும் உறுதி. ஒரு பெண் சும்மா நடக்க முடியாத இடத்தில் வியாதிக்காரியாக நடக்கலாம் என்றால், நான் திறந்துவிட்ட கதவு எது?

இதைச் சொன்னால் ஒரு சக ஊழியர், தண்ணீர்க் குழாயும் சம்பளமும் சரியானால் உங்கள் நடையே தேவைப்படாது என்கிறார். இருக்கலாம். நாள் சம்பளம் 2021இல் 1000 ரூபாய் ஆனது, 2024இல் அடிப்படை மட்டும் 1350 ரூபாய் ஆனது. எல்லாம் சரியாகும்வரைக்கும் தூங்காமல் இருங்கள் என்று யாரிடம் சொல்வது? என்னிடம் இருப்பது ஒரு மேசை, ஒரு கடிதத்தாள், அரைமணி நேர யோசனை. அதைக் கொடுக்காமல் இருப்பதுதான் நேர்மை என்று எனக்குப் படவில்லை. சில நாள் படுகிறது.

துண்டு வேண்டாம், எல்லாப் பெண்களும் சேர்ந்து நடக்கட்டும், மட்டையும் பந்தும் வைத்து எல்லே விளையாடட்டும், அப்போது யாருக்கும் பெயர் வராது என்று மாதர் சங்கத்தில் பேசிப் பார்த்தேன். எல்லாரும் தலையாட்டினார்கள். மைதானம் பொடியன்களின் கிரிக்கெட்டுக்கு. ஞாயிறு காலை மட்டும் விட்டுத் தருகிறோம் என்றார்கள், பெருந்தன்மையாகத்தான். ஞாயிறு காலை துணி துவைக்கிற நேரம். அந்தப் பேச்சு அப்படியே நிற்கிறது.

இதற்கிடையில் வேறு தோட்டத்திலிருந்து ஒருவர் துண்டு கேட்டு வந்தார். யார் சொல்லி வந்தார் என்று நான் கேட்கவில்லை. இந்த முறை கவனமாக, நடப்பது எல்லாருக்கும் நல்லது, இவருக்கும் நல்லது என்று எழுதினேன். சீல் வைக்கவில்லை. அடுத்த வாரமே திரும்பி வந்துவிட்டார். "நல்லதுன்னு போட்டா வீட்டுல செல்லாதுங்க மிஸ்" என்றார். மாற்றி எழுதி, சீலும் வைத்துக் கொடுத்தேன்.